ரம்பத்தின் மறுமுனை

வழியை மறித்துக் கிடந்த முதல் மரத்தை யாரோ ஏற்கெனவே பாதி அறுத்து வைத்திருந்தார்கள்.

லியோட்டா குதிரையிலிருந்து இறங்காமலே கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். கெட்டில் ஓடைப் பாதையில் இந்த வருடம் முதலில் ஏறுகிறவர்கள் அவளும் வெண்டலும்தான். அடிவாரத்தில் போட்டிருந்த சங்கிலியை அன்று காலையில் திறந்ததே வெண்டல்தான். குளிர்காலத்தில் சாய்ந்த மரங்களை ஜூன் மாதம் அறுத்து ஒதுக்கி, நடக்கிறவர்களுக்கும் குதிரையில் வருகிறவர்களுக்கும் பாதையைத் திறந்துவிடுவது அவர்கள் சங்கத்து வேலை. சம்பளம் கிடையாது. குதிரை அவர்களுடையது, தீவனம் அவர்களுடையது, முதுகுவலியும் அவர்களுடையதுதான். எல்லாருக்கும் சொந்தமான காடு என்றால் யாராவது ஒருத்தர் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்பான் ஹார்லன். ஹார்லன் அவள் கணவன். போன அக்டோபரில் இதே பாதையில் தனியாக ஏறிப்போனவன் திரும்பி வரவில்லை.

அவன் குதிரை மட்டும் வந்தது, வெறும் சேணத்தோடு. ஊரே மலையேறித் தேடியது. மொன்டானாவில் அக்டோபர் பனி விழ ஆரம்பித்தால் யாருக்காகவும் நிற்காது. இனி ஜூனில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள், ஏதோ கொல்லையில் தொலைந்த வாளியைப் போல. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ராத்திரியில் கணப்பை மூட்டவில்லை. அவன் குளிரில் கிடக்கும்போது தான் மட்டும் எப்படிக் காய்வது என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது அவள் ஏறியிருந்தது ஹார்லனின் அந்தக் குதிரைமேல்தான். பென்னி என்று பெயர். பின்னால் வந்த கோவேறு கழுதையின் முதுகில், ஆள் நீளத்துக்கு மடித்த புதுத் தார்ப்பாய் ஒன்று இருந்தது. எதற்கென்று வெண்டல் கேட்கவில்லை. ஹார்லனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"போன வருஷத்து வேலையா இருக்கும்" என்றான் வெண்டல், இறங்கி மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு.

"போன வருஷம் இந்த மரம் நின்னுக்கிட்டு இருந்துச்சு, வெண்டல். ஊசியிலையெல்லாம் இன்னும் பச்சையா இருக்கு பாரு."

"அப்ப எவனோ ஒரு புண்ணியவான் நமக்கு முந்தி வந்து பாதி வேலைய முடிச்சுட்டுப் போயிருக்கான். கும்பிட்டுட்டு மீதிய அறுப்பியா, அதவிட்டுட்டு துப்பறிஞ்சுக்கிட்டு நிக்கிற."

வெண்டலுக்கு வாய் அப்படித்தான். சங்கத்தில் எல்லாரையும்விட மூத்தவன், மண்டையில் மயிர் போனாலும் கிண்டல் போகவில்லை. அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், இடுப்புவலிக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு கூட வந்திருந்தான்.

லியோட்டா மரத்தைத் தாண்டி மேல்பக்கம் போய்ப் பார்த்தாள். நிழலில் கிடந்த பழைய பனியின்மேல், அறுத்தபோது விழுந்த மரச்சுருள்கள் சிதறிக் கிடந்தன. நன்றாகத் தீட்டிய ரம்பம்தான் தூளாக உதிர்க்காமல் இப்படி நூடுல்ஸ் மாதிரி நீளச் சுருளாக இழுத்துப் போடும். சுருள் பனிக்கு மேலே கிடந்தது. பனியில் காலடி ஒன்றும் இல்லை.

அவள் திரும்பி வந்து கழுதைமேல் கட்டியிருந்த ரம்பத்தை அவிழ்த்தாள்.

இந்தக் காட்டுக்குள் மோட்டார் ரம்பம் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்காது. ஆள் உயரத்துக்கு நீண்ட, இரண்டு பக்கமும் பிடி வைத்த ரம்பம்தான். ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். இழுக்கலாம், தள்ளக் கூடாது. தன் பங்கை இழுத்ததும் கையைத் தளர்த்திவிட்டு, எதிராளி இழுக்கக் காத்திருக்க வேண்டும். ஹார்லனும் அவளும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் இழுத்தார்கள். அவன் எப்போதும் மேட்டுப்பக்கம் நிற்பான், அவள் பள்ளத்துப்பக்கம். சண்டை போட்டுக்கொண்டு வந்த நாட்களில்கூட ரம்பத்தைப் பிடித்தால் இழுப்பு பிசகாது. அவன் மூச்சு எப்போது தீரும் என்று அவள் கைக்குத் தெரியும்.

இந்த மரத்தில் மேட்டுப்பக்கம் ஆழமாக அறுத்திருந்தது. பள்ளத்துப்பக்கம் தொடாமல் இருந்தது. அவள் நிற்கிற பக்கம்.

பாதி அறுத்த மரத்தை அப்படியே விட்டுப் போகக் கூடாது. முறுக்கேறி நிற்கும், அடுத்து வருகிறவன் தலைமேல்தான் வெடிக்கும். அதனால் இரண்டு பேரும் ரம்பத்தை அந்தப் பழைய வெட்டிலேயே இறக்கி, மிச்சத்தை அறுத்து, மரத்துண்டைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். துண்டு கீழே ஓடைவரை முட்டி மோதிக்கொண்டு போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

இரண்டாவது மரமும் அப்படியே இருந்தது. மேட்டுப்பக்கம் அறுத்து, பள்ளத்துப்பக்கம் விட்டு. இதில் வெட்டுவாயில் பிசின் இன்னும் ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. பிசினோடு இன்னொரு வாசனையும் வந்தது. மண்ணெண்ணெய். ரம்பத்தில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது ஹார்லனின் பழக்கம். மற்றவர்கள் எல்லாரும் ஆரஞ்சுத் தோலில் எடுக்கிற எண்ணெய்க்கு மாறியபிறகும் அவன் மாறவில்லை. அவன் சட்டைக் கழுத்தில், தலையணையில், ஞாயிற்றுக்கிழமை அவன் சுடுகிற ரொட்டியில்கூட அந்த வாசனை இருக்கும். எத்தனை தடவை அதற்காக அவனைத் திட்டியிருக்கிறாள். போன நவம்பரில் ஒரு நாள் கொட்டகையில் அவனுடைய மண்ணெண்ணெய்த் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு ஏதாச்சும் வாசனை வருதா?" என்று கேட்டாள்.

"கழுதை வாசனைதான் வருது" என்றான் வெண்டல். ஆனால் அவன் குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது, அவன் கண் மேலே பாதை வளைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குமேல் ஓடையிலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் குதிரைகளின் கால்களை மறைத்து, பிறகு வயிறு, பிறகு கடிவாளம் பிடித்த கை என்று மெதுவாக ஏறி, கடைசியில் பக்கத்து மரமே நிழலாகத் தெரிகிற அளவுக்கு அடைத்துக்கொண்டது. ஈரத் தோல் வாடை, குதிரை வியர்வை, எங்கோ இலைகள் சொட்டுகிற ஓசை. கழுதை இரண்டு முறை நின்று கால்களை ஊன்றிக்கொண்டது. பென்னி மட்டும் நிற்கவில்லை. காதுகளை முன்னால் விடைத்து, தொண்டைக்குள் மெல்லக் கனைத்தது. தீவன வாளியோடு வருகிறவனைப் பார்த்து அது காலையில் கனைக்கிற கனைப்பு அது. எட்டு மாதமாக அது அப்படிக் கனைக்கவே இல்லை.

மூன்றாவது மரத்தில் அவள் கையுறையைக் கழற்றிவிட்டு சுருளை அள்ளினாள். உள்ளங்கையில் அது இன்னும் சூடாக இருந்தது.

"அவன் உயிரோட இருக்கான்" என்றாள்.

"லியோட்டா."

"நீயும் பாத்தியே. யாரு அறுத்தது பின்ன? ஒத்த ஆளா முடியாம என் பாதிய வச்சுட்டுப் போறான்."

"இந்தக் குளிர்ல எட்டு மாசம், சோறு தண்ணியில்லாம யாராலம்மா இருக்க முடியும்? நீயே சொல்லு." வெண்டல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "நாம கீழ போயிருவோம். நாளைக்கு நாலு பேரோட வரலாம். வீட்டுல எம் பொண்டாட்டி கோனி சூப் வச்சிருப்பா, ஆறிப்போனா அதுக்கு வேற ஏசுவா."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ரம்பத்தின் சத்தம். இரண்டு பேர் இழுத்தால் போவதும் வருவதுமாக மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. மேலே மூடுபனிக்குள் ஒரு நீள இழுப்பு. பிறகு நிசப்தம், அவளுடைய இழுப்பு வர வேண்டிய அளவுக்குச் சரியாக. பிறகு மறுபடி ஒரு இழுப்பு. நிசப்தம். இழுப்பு. வெண்டலின் முகம் சாம்பலாகிவிட்டது. அவனும் அந்த இழுப்பை அறிந்தவன், ஹார்லனோடு எத்தனை மரம் அறுத்திருக்கிறான்.

"போகாத" என்றான். "தாயே, உன் கால்ல விழறேன். அது எதுவா இருந்தாலும் சரி, நம்ம ஹார்லன் இல்ல."

அவனுடைய குதிரையும் கழுதையும் பின்வாங்கின. அவன் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பென்னியிலிருந்து இறங்கி நடந்தாள். பயமாக இருந்தது. ஆனால் அந்த நிசப்தம் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் வந்து முட்டியது. போன அக்டோபரில் அவள் பில்லிங்ஸ் நகரத்துக்கு, அக்காவின் ஆபரேஷனுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை வந்துவிடுகிறேன், சேர்ந்தே போகலாம் என்று போனில் சொன்னாள். மேலே ஒரே ஒரு மரம்தான், பனி விழுந்தால் அவ்வளவுதான் என்றான் அவன். இருப்புக்கொள்ளாத மனுஷன். பாவி மனுஷன்.

பாதை வளைந்தது. மரம் கிடந்தது.

பெரிய மரம். வேரோடு சாய்ந்து, அவள் மார்பு உயரத்துக்குப் பாதையை அடைத்துக் கிடந்தது. குறுக்கே ஒரு ரம்பம் இறங்கியிருந்தது. ஹார்லனின் ரம்பம். அதன் பள்ளத்துப்பக்க நுனி அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. தனியாள் அறுக்கும்போது அந்த நுனியில் இருக்கிற பிடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள், கிளையில் இடிக்கும் என்று. இதில் பிடி மாட்டியிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிடி அவளிடமிருந்து விலகிப் போனது. நீளமாக. நின்றது. காத்திருந்தது.

"ஹார்லன்" என்றாள்.

மண்ணெண்ணெய் வாசனை கண்ணைக் கரித்தது. மரத்துக்கு அப்பால் மூடுபனி தவிர ஒன்றும் தெரியவில்லை.

அவள் பிடியைப் பிடித்தாள். இழுத்தாள். கையைத் தளர்த்தினாள். அந்தப் பக்கம் இழுத்தது. அதே இழுப்பு. கடைசியில் லேசாக ஒரு சுண்டு சுண்டுவானே, அதுவும் இருந்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே இழுத்தாள். சுருள் காலடியில் குவிந்தது. தோள் எரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் தனியாக இல்லை.

மரம் முனகியது. விரிந்தது. அறுத்த இடத்தில் இரண்டாகி, பள்ளத்துப்பக்கத் துண்டு சரிவில் புரண்டு ஓடியது.

அவன் அங்கே கிடந்தான்.

இன்னும் உருளாமல் கிடந்த மேட்டுப்பக்கத் துண்டு அவன் இடுப்புக்குக் கீழே முழுவதும் அழுத்தியிருந்தது. அக்டோபரில் மரம் விழுந்த அன்றே அப்படித்தான் கிடந்திருப்பான். படுத்தபடியே ரம்பத்தை எட்டிப் பிடித்து இழுத்திருக்கிறான். எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும்? கோட்டு பனியில் நைந்து நிலத்தோடு ஒட்டியிருந்தது. முகம் பாசிக்குள் புதைந்திருந்தது, அது நல்லதுதான். கையுறை மட்டும் முழுசாக இருந்தது. கையுறைக்கும் கோட்டுக் கைக்கும் நடுவே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. கையுறை ரம்பத்தின் பிடியைப் பற்றியிருந்தது.

லியோட்டாவின் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

பின்னால் வெண்டல் மூச்சிரைக்க ஓடிவந்தான். பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். கிழவன் குழந்தை மாதிரி தேம்பினான். பிறகு அவள் தோளைப் பிடித்தான்.

"கண்டுபிடிச்சிட்டோம்மா. வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம். ரம்பத்த விடு."

"வேலை முடிஞ்சுதுப்பா" என்றாள் லியோட்டா, பாசியில் கிடந்த தலையைப் பார்த்து. "மரம் அறுந்துருச்சு. போதும். எந்திரிக்க வேண்டாம், நான் தூக்கிக்கிறேன். வீட்டுக்குப் போலாம்."

தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடியை விட்டாள்.

அறுக்க இனி மரம் இல்லை. அந்த இடைவெளியில் வெறும் காற்றுதான்.

ரம்பம் நகர்ந்தது.

அவன் பக்கமாக. நீளமாக. கடைசியில் அதேபோல லேசாக ஒரு சுண்டு. நின்றது.

வெண்டல் இரண்டடி பின்வாங்கிக் கீழே விழுந்தான். "கர்த்தரே" என்றான். அதற்கப்புறம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், ஒரு தடவை, பிறகு கத்திக் கூப்பிட்டான். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலையில் பாசி மண்டிக் கிடக்கிறவன் இழுத்துவிட்டுக் காத்திருக்கிறான். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு இழுப்புக்கும் அப்படிக் காத்திருந்திருக்கிறான். மறுமுனையில் ஆள் இல்லை என்று அவனுக்கு யார் சொல்வது? செத்துப்போனான் என்று யார் சொல்வது?

வெறுங்கையோடு நிற்க அவளால் முடியவில்லை.

பிடியைப் பிடித்தாள்.

இழுத்தாள். தளர்த்தினாள்.

கையுறை இழுத்தது.