எழுபத்தொரு கிலோ கூடுதல்

எடை உதைத்தது. காலி இயந்திரம் நூற்றுப் பதினெட்டு கிலோ என்று பழைய விலைப்பட்டியலில் அச்சடித்திருந்தது. தராசு மேடையின் சிவப்பு எண்களோ 189 என்று காட்டின. பார்கவி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுபத்தொரு கிலோ கூடுதல்.

ரோவில் புறநகரில் ஒரு வீட்டு கராஜில் ஈர அட்டைப்பெட்டி நாற்றமும் பழைய சர்க்கரைப் பாகின் புளித்த வாசனையும் கலந்து கிடந்தன. நடுவில், அவள் வேனில் கொண்டுவந்த மேடையின்மேல், சிவப்பு வண்ணம் உரிந்த சோடா இயந்திரம் நின்றது. நாணயம் போட ஒரு பிளவு. ஒடுக்கமான கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் பாட்டில் உருவும் ஒன்பது வட்டத் துளைகள். வீட்டுக்கார சிவனேஸ்வரியின் கணவர், மூடப்போன ஒரு கடையில் அதை வாங்கினாராம். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. இப்போது அது ஏலத்துக்குப் போகிறது, அதற்கு விலை சொல்லத்தான் ஏலக் கம்பெனி பார்கவியை அனுப்பியிருந்தது.

இந்த மாதிரிப் பொருளுக்கு விலை சொல்வதில் எடை பாதி வேலை. பிறந்தபோது இருந்த மோட்டாரும் குழாயும் அப்படியே இருந்தால் எடை பட்டியலோடு ஒத்துப்போகும், பதினைந்தாயிரம் டாலர் என்று தயங்காமல் எழுதலாம். உள்ளே வேறு எதையாவது திணித்திருந்தால் அதில் பாதிகூடத் தேறாது. அவளுடைய இரண்டு அறிக்கைகளை மேனேஜர் ஏற்கெனவே திருப்பியடித்திருந்தார். இதுவும் திரும்பினால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மணி நாலு.

"இதுக்குள்ள ஏதாவது மாத்தினீங்களா ஆன்ட்டி? மோட்டார், அது இதுன்னு?"

"ஒருத்தரும் கை வைக்கேல்லை பிள்ளை. போன வருஷம் உங்கட ஒஃபிஸால வந்த தம்பியும் நிறை பிழை எண்டுதான் நிண்டவர்." சிவனேஸ்வரி ஒரு தாளை நீட்டினார். "நான் தேத்தண்ணி போட்டுட்டு வர ஆளைக் காணேல்லை. இது மட்டும் கிடந்தது."

மேலே ஸ்ரீகாந்த் என்று பெயர். அவள் சேர்வதற்கு முன்பே, யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவர். பெர்த்தில் நல்ல இடம் கிடைத்துவிட்டதாக அலுவலகத்தில் பேச்சு. சுவரில் மாட்டிய அலுவலகப் புகைப்படத்தில் மட்டும் அவரைப் பார்த்திருக்கிறாள். எடை என்ற தலைப்பின் கீழே 118 என்று கறுப்பாக எழுதியிருந்தார். அடுத்து 131. அடுத்து 150, மங்கலாக. அதற்குக் கீழே எதுவும் இல்லை. தீர்ந்த பேனாவை வைத்துக்கொண்டு மனுஷன் என்னத்தைக் கிழித்தார் என்று பார்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஸ்பிரிங்வேலுக்குப் போட்டு வாறன், மரக்கறி வாங்கோணும். குளிருது பிள்ளை, கதவை இறக்கிவிடுங்கோ."

பார்கவி கதவுச் சங்கிலியை நாலு இழுப்பு இழுத்தாள். தகரக் கதவு கடகடவென்று இறங்கியது. டியூப் லைட் மட்டும் மிஞ்சியது.

தராசில் சந்தேகம் வந்தால் தானே ஏறிப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். எஃகு முனை வைத்த பூட்ஸ் கான்கிரீட்டில் டக் டக்கென்று ஒலிக்க நடந்துபோய், இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஏறி நின்றாள். 247. கூடியது ஐம்பத்தெட்டு. காலையில் அலுவலகத்தில் பூட்ஸோடு பார்த்த அதே எடை. தராசு சுத்தம். அப்படியானால் கோளாறு உள்ளேதான்.

கண்ணாடிக் கதவைத் திறந்து, ஒரு துளைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். துரு. பழைய குழாய். சிமெண்டு இல்லை, புது மோட்டார் இல்லை. மின்கம்பி அறுந்து பின்னால் தொங்கியது, ஆனாலும் உள்ளே ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. கையை உருவிக்கொண்டு எண்ணைப் பார்த்தாள்.

203.

"சனியனே," என்றாள் வாய்விட்டு. ஏறி நின்றாள். 247. இப்போது அவள் நாற்பத்து நாலு கிலோ. மேடை சாய்ந்திருக்கும் என்று நாலு மூலைத் திருகையும் முறுக்கிச் சமன் செய்தாள். வேர்த்தது. மணி நாலரை. பின்பலகையைக் கழற்றி, இந்த முறை இரண்டு கையையும் விட்டுத் தேடினாள். எல்லாம் பழசு, எல்லாம் அசல். ஒரு குண்டூசிகூடக் கூடுதலாக இல்லை. அழுகை வந்தது.

226.

ஏறினாள். 247.

எங்கே தப்பு செய்தாலும் கூட்டுத்தொகை மட்டும் தப்பாமல் வந்தது. அதையாவது குறித்துக்கொள்ளலாம் என்று தாளை எடுத்து எழுதினாள். பேனா மங்கலாகக் கீறியது. அழுத்தினாள். எழுத்து விழவில்லை. உதறினாள், மறுபடி அழுத்தினாள். தாளில் பள்ளம்கூட விழவில்லை.

ஸ்ரீகாந்தின் தாளைப் பார்த்தாள். 150-க்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

பயம் அப்போதுதான் வந்தது.

கதவை நோக்கி ஓடினாள். பாதி வழியில் ஒன்று உறைத்தது. சத்தம் இல்லை. பூட்ஸ் கான்கிரீட்டில் படுகிறது. டக் என்ற சத்தம் இல்லை. கீழே பார்த்தாள். தூசியில் அவள் வந்த தடம் இருந்தது, கதவிலிருந்து இயந்திரம்வரை. திரும்பிப் போகும் தடம் இல்லை.

சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பற்றி, காலைத் தூக்கி, முழு உடம்போடு தொங்கினாள். ஒரு கண்ணிகூட இறங்கவில்லை. போனை எடுத்தாள். விரல் பட்டதைத் திரை அறியவில்லை. தேய்த்தாள். கத்தினாள். மூச்சுதான் வந்தது.

திரும்பினாள்.

247. இயந்திரம் மட்டும்.

இல்லை. தராசுக் கோளாறு. தராசுக் கோளாறுதான். மேடையில் ஏறினாள். இரண்டு காலையும் வைத்தாள். குதித்தாள்.

247.

எழுபத்தொன்று, என்று நினைத்தாள். ஸ்ரீகாந்த். அலுவலகப் புகைப்படத்தில் எல்லோர் தலைக்கும் மேலே தெரிந்த அந்த ஒல்லியான, உயரமான ஆள்.

உள்ளே சத்தம் கேட்டது.

டக். டக்.

அவளுடைய பூட்ஸ். இரண்டடி ஆழம்கூட இல்லாத அந்தத் தகரப் பெட்டிக்குள், எங்கோ வெகு தூரத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நடை, கொஞ்சம் கனமாக.

டக். டக்.

இரண்டும் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றன. ஒன்பது துளைகளையும் மறைத்துக்கொண்டு, உள்பக்கமாக, கண்ணாடியில் மெல்ல மூச்சு படிந்தது.