மாத்திரை போட்டியா?

டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக்.

மலர்க்கொடி நின்றுவிட்டாள். துருவேறிய அந்த நீலக் கண்டெய்னருக்குள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுகிறார்கள்.

எண்ணூர் சாலையை ஒட்டிய அந்தக் கண்டெய்னர் யார்டில் சாயங்கால வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து மீன் கவிச்சியும், நாளெல்லாம் வெயிலில் வெந்த இரும்பின் வாடையும், அடுக்கிவைத்த பெட்டிகளின் இடுக்கில் புகுந்து ஊளையிடும் உப்புக் காற்றுமாக, ஆள் நடமாட்டமில்லாத அந்தக் கடைசி வரிசை ஒரு குகைபோல இருண்டுகொண்டு வந்தது.

பெட்டியைவிடத் தன்னை நினைத்துத்தான் அவளுக்கு முதலில் பயம் வந்தது. போன வருஷம் அவள் காதில் குரல்கள் கேட்டன. டாக்டர் கொடுத்த மாத்திரையில் அவை அடங்கின. கைநடுக்கமும் நாவறட்சியும் மட்டும் மிச்சம். வேலைக்குப் போகலாம், போனால் நல்லதும்கூட என்றார் டாக்டர். திரும்பி வந்தவளைக் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுப்பி, பெட்டிக் கதவுகளில் போட்ட சீல் முத்திரைகளைச் சரிபார்க்க இந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. கிரேன் கம்பி பிரிந்திருக்கிறது என்று சொன்னாலும், பாத்ரூம் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்று சொன்னாலும், சூப்பர்வைசர் ஜெயவேல் ஒன்றைத்தான் கேட்பார்: "மாத்திரை போட்டியா?"

இரண்டு காதையும் இறுகப் பொத்தினாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள். டக், டக். அவளுடைய குரல்கள் காதைப் பொத்தினால் இன்னும் உரக்கத்தான் கத்தும். அப்படியானால் இது அவள் தலைக்குள் இல்லை.

பெட்டியை ஏற்றிப்போக டிரெய்லரோடு டிரைவர் டில்லிபாபு வந்திருந்தான். அவனோடு பேசிக்கொண்டிருந்த ஜெயவேலிடம் ஓடினாள்.

"சார், அந்த நீலப் பொட்டிக்குள்ள யாரோ கீறாங்க. தட்டிகினே கீறாங்க சார்."

ஜெயவேல் டிரைவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "இன்னாம்மா மலரு, மாத்திரை போட்டியா இல்லியா?"

"போட்டேன். நீங்க வந்து கேளுங்க."

வந்தார். டில்லிபாபுவும் பின்னாலேயே வந்தான். ஜெயவேல் சலிப்போடு கதவில் உள்ளங்கையை வைத்தார். உள்ளேயிருந்து இடி மாதிரி ஓர் அறை விழுந்தது. ஜெயவேலின் கை சூடுபட்டதுபோல் துள்ளியது. டில்லிபாபு ஓரடி பின்வாங்கினான்; பிறகு போனை எடுத்துப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

"ஒண்ணும் கேக்கல" என்றார் ஜெயவேல். அவர் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"கேட்டுச்சு. உங்களுக்கும் கேட்டுச்சு, அவருக்கும் கேட்டுச்சு."

"கப்பல் வெயிட் பண்ணுது. இத்தத் தொறந்தா எல்லாருக்கும் பேஜாரு. போய் எவன்கிட்ட வேணா சொல்லு, போ. உன் பேச்ச எவன் நம்புவான்?"

இத்தனை மாதம் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்தது. கை நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற டிரெய்லரில் கிடந்த பெரிய கட்டரை எடுத்து, ஜெயவேல் தடுப்பதற்குள் கதவின் சீல் முத்திரையை வெட்டினாள். தாழ்க்கம்பியைத் திருகிக் கதவை இழுத்தாள்.

உள்ளே அட்டைப்பெட்டிகள். தரையிலிருந்து கூரைவரை எலி நுழைய இடமில்லாமல் அடுக்கப்பட்டிருந்தன. குளிர்ந்த, ஈர மண்ணின் வாடை.

ஜெயவேல் சிரித்தார். சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போனது. "பாத்தியா? பாத்துக்கோ! மெண்டலு. நாளையிலேர்ந்து வேலைக்கு வராத." கதவை மூடக் கை நீட்டினார்.

இரண்டு அட்டைகளின் நடுவிலிருந்து ஒரு கை வந்தது.

வெளுத்த கை. நகமில்லை. ஜெயவேலின் மணிக்கட்டைப் பிடித்தது.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"சார்!"

"ஒண்ணும் இல்ல" என்றார்.

கை இழுத்தது. முழங்கைவரை உள்ளே போனது. டில்லிபாபு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அட்டை இடுக்குகளிலிருந்து இன்னொரு கை. இன்னொன்று. சட்டையை. கழுத்தை. காதை.

"அங்க ஒண்ணும் இல்ல மலரு." தோளும் உள்ளே போய்விட்டது. எலும்பு முறிந்தது. ஜெயவேல் அவளைப் பார்த்துப் புன்னகை மாறாமல் கேட்டார், "மாத்திரை போட்டியா?"