நடுக்கத்தைச் சீராக்குவது எப்படி?

சென்னியப்பனின் வலது கை எழுந்தது, மகளின் கையை ஏந்தியது, அப்படியே மாப்பிள்ளையின் மார்பில் வைத்து ஒரு தள்ளு தள்ளியது. ஒத்திகைக்கு மாப்பிள்ளையாக நின்றுகொண்டிருந்த மைத்துனர் பழனியாண்டி, தாம்பாளத்தோடு சோபாவில் போய் விழுந்தார்.

"மாமனுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்லீங்களாட்ட இருக்குது," என்றார் எழுந்தபடி.

மணப்பெண் ஆதிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அம்மா கோகிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் நாளை மறுநாள். தாரை வார்க்கும்போது கணவரின் கை இப்படிச் செய்தால் காங்கேயம் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு பைக்கிலிருந்து விழுந்ததில் சென்னியப்பனுக்குத் தோள் நரம்பு நசுங்கிப்போனது. அன்றிலிருந்து அந்தக் கை செத்த கை. அதை அசைத்தது அசைவுறை: விரல்நுனி முதல் தோள்வரை இழுத்து மாட்டும் மெல்லிய இழைச்சட்டை. இழைகள் சுருங்கி விரியும். உள்ளே இருக்கும் கை கூடவே போகும். எப்படிப் போக வேண்டும் என்பதை 'அசைவரை' என்ற முப்பரிமாண மென்பொருளில் வரைந்து கொடுக்க வேண்டும். திரையில் ஒரு பொம்மைக் கை வரும். அதை முதலில் இங்கே, பிறகு அங்கே என்று நிறுத்திக் காட்டினால் நடுவில் உள்ளதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும்.

பல் துலக்குவது, இட்லி பிட்பது, சட்டைப் பித்தான் போடுவது எல்லாம் ஆயத்த அசைவுகளாகக் கடையில் கிடைத்தன. தாரை வார்ப்பது மட்டும் கிடைக்கவில்லை. அசைவுகளைத் தயாரித்தவர்கள் நம்மூர்க் கல்யாணத்துக்குப் பந்தி நேரத்தில் மட்டும் வருகிறவர்கள் போலிருக்கிறது. ஆகவே கோகிலாமணி தாமே அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவரும் இரண்டு நாள் மென்பொருளைத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் பிழைதீர்ப்பு நிலையத்தைக் கூப்பிட்டார்.

திரையில் அந்தோணி ராயன் வந்தான். தூத்துக்குடியில் உட்கார்ந்து, கற்றுக்குட்டிகளின் சந்தேகங்களைத் தீர்ப்பது அவன் வேலை.

"மொதல்ல உறையக் கழத்தி மாட்டிப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தாச்சுங்க."

பச்சைப் பொய். உறையைக் கழற்றப் பூட்டுப் பூட்டாக விடுவிக்க வேண்டும், ஒரு காலை வேளையே போய்விடும். உறையைப் போட்டபடியே குளிக்கலாம், தூங்கலாம் என்று விற்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து மாற்றுவதோடு சரி. நாட்டில் ஒருவரும் கழற்றுவதில்லை, எல்லோரும் கழற்றியதாகச் சொல்வார்கள், ராயனும் நம்பியதாகத் தலையாட்டுவான்.

"அசைவ எப்படிக்கா பதிஞ்சீங்க?"

"அவருக்கு எதுத்தாப்புல நின்னு நானே செஞ்சு காட்டுனனுங்க."

"அதான் விசயம். எதிர நின்னு காட்டுனா கண்ணாடி மாதிரி திரும்பிரும். கொடுக்குற பக்கம் தள்ளுற பக்கமா ஆயிருச்சு. பக்கத்துல நின்னு, அவரு பாக்குற பக்கமே நீங்களும் பாத்துச் செய்ங்க."

கோகிலாமணி கணவரின் தோளோடு தோள் சேர்த்து நின்று மறுபடி பதிந்தார். கை எழுந்தது, மகளின் கையை ஏந்தியது, பழனியாண்டியின் கையில் பூப்போல வைத்தது.

"தம்பி, நீங்க நல்லா இருக்கோணும்!" கோகிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணத்துக்கு நீங்க கண்டிப்பா வரோணும். சும்மா சொல்லுலீங்க."

"இரும்மா," என்றாள் ஆதிரா. "அப்பா வெரல் நடுங்குது."

உண்மைதான். மகளின் கையைத் தொட்டுக்கொண்டிருந்த மோதிர விரலும் சுண்டு விரலும் லேசாக நடுங்கின. மகளைக் கொடுக்கும் கை நடுங்கினால் சொந்தபந்தம் என்னென்ன சகுனம் சொல்லும் என்று கோகிலாமணிக்கு நன்றாகத் தெரியும்.

ராயன் சிரித்தான். "தெனமும் வர்ற கேள்விக்கா இது. மேல 'சீராக்கு'ன்னு இருக்கும், அமுக்குங்க. கடையில வாங்குற அசைவுல அது முன்னாடியே போட்டிருக்கும். வரைஞ்ச அசைவத் தவிர வேற எதுவும் வராம உறை இறுக்கிப் பிடிச்சுக்கும்."

அமுக்கினார். நடுக்கம் நின்றது. அடுத்த நொடி ஆதிரா, "அப்பா, வலிக்குது!" என்று கையை இழுத்துக்கொண்டாள். விரல்கள் இடுக்கியாக இறுகியிருந்தன.

ராயன் நெற்றியைச் சுருக்கினான். இவ்வளவு இறுக்கம் வர வேண்டுமானால் உறை எதையோ எதிர்த்துப் பிடிக்க வேண்டும். அசைவின் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான். அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது, ஒரு நெளிவு இல்லை.

"வரைஞ்சதுல நடுக்கம் இல்லக்கா. அப்ப உறைதான் பழுது. நெசமாவே கழத்திருங்க, வேற மாத்தி அனுப்பச் சொல்றேன்."

நெசமாவே என்ற சொல் கோகிலாமணிக்குச் சுருக்கென்றது. பழனியாண்டியும் அவருமாக ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பூட்டுகளைக் கழற்றினார்கள். வெயில் படாமல் வெளுத்து மெலிந்த கை வெளியே வந்தது. ஆதிரா அதைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"கழத்தியாச்சாக்கா?"

"ஆச்சுங்க."

"இப்ப நடுக்கம் போயிருச்சுல்லா?"

கோகிலாமணி மகளின் கைகளுக்கு நடுவே குனிந்து பார்த்தார். "இல்லீங்க தம்பி. இருக்குதுங்க."

ராயன் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான்.

"அம்மிணி," என்றார் சென்னியப்பன் மனைவியிடம் மெதுவாக. "பாப்பா கையப் புடிக்கோணும்னு நெனைக்கறேன். நெனைக்கறப்பத்தான் நடுங்குது."

நரம்பு எப்போது துளிர்த்ததோ தெரியாது. அந்தக் கை தன்னால் முடிந்த மட்டும் முயன்றுகொண்டிருந்தது. கடையில் வாங்கிய ஒவ்வொரு அசைவும் அதை இறுக்கிப் பிடித்து அடக்கிக்கொண்டிருந்தது. இட்லி பிட்ட கை, பித்தான் போட்ட கை, எதிலும் அவர் இல்லை. கோகிலாமணி கணவரின் விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அது சந்தோஷ அழுகைதான்.

கல்யாணத்தன்று உறை மாட்டினார்கள், சீராக்கு போடவில்லை. கோகிலாமணி செம்பிலிருந்து நீர் வார்த்தபோது சென்னியப்பனின் விரல்கள் நடுங்கி, பாதித் தண்ணீர் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் சிந்தியது. முன்வரிசையில் ஓர் அத்தை உச்சுக் கொட்டினார். சென்னியப்பனோ அப்படிச் சிரித்தார், தாலி கட்டும்வரை புகைப்படக்காரர் வேறு யாரையும் எடுக்கவில்லை.

சொன்னபடி ராயன் வந்திருந்தான். மண்டபப் படியில் அவன் ஏறி வந்த நடையைப் பார்த்துப் பட்டாளத்துக்காரரா என்று பழனியாண்டி விசாரித்தார். சாப்பாடு முடிந்ததும் மண்டபத்துப் பின்படியில் சென்னியப்பனும் கோகிலாமணியும் அவனோடு உட்கார்ந்தார்கள்.

"உங்க புண்ணியத்துல இவரு கை கெடைச்சுதுங்க தம்பி," என்றார் கோகிலாமணி. "எத்தன நன்றி சொன்னாலும் பத்தாதுங்க."

"எல்லாருமே நன்றிதான்க்கா சொன்னாங்க," என்றான் ராயன். "நடுங்குதுன்னு வந்த அத்தன பேருக்கும் சீராக்குன்னு சொல்லி அனுப்பிச்சேன். நடுக்கம் நின்னதும் கும்பிட்டுட்டுப் போனாங்க. அதுல எத்தன பேருக்குத் தன் கை வந்துக்கிட்டு இருந்துச்சோ, எத்தன பேரோடத நான் அமுக்கிவிட்டேனோ."

"இனிமே கூப்புடறவங்களுக்காச்சும் சொல்லலாமுங்களே."

"நேத்து சொன்னேன். மூணு பேரு லைனக் கட் பண்ணிட்டாங்க. காலுக்கு உறை போட்ட ஒருத்தரு, ஆபீசுக்கு நேரமாச்சு, என் கால எனக்குச் சொல்லித்தர்றியான்னு கேட்டாரு."

அவன் ஒரு காலை நீட்டினான். பிறகு பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினான். உள்ளே உறை பளபளத்தது.

"துறைமுகத்துல கம்பி விழுந்து நசுங்குனது. ஆறு வருசமாச்சு. உறை மாட்டுன மொத மாசம் எனக்கும் நடுங்குச்சுக்கா. அசிங்கமா இருக்குன்னு நானே சீராக்கு போட்டேன்."

"கழத்துங்க," என்றார் கோகிலாமணி.

"நாளைக்கு டூட்டி இருக்குக்கா. இது இல்லாம பஸ் ஸ்டாண்டுக்குக்கூட..."

"நாங்க கொண்டுபோய் உடறமுங்க. கழத்துங்க தம்பி."

மூவரும் சேர்ந்து கழற்றினார்கள். கழற்றிப் போட்ட உறை படியில் கிடந்தபடி இன்னமும் அழகாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ராயனின் பாதம் கல்போல் இருந்தது. அவன் அதையே உற்றுப் பார்த்தான். முகம் வியர்த்தது.

"நெனச்சுப் பாத்துட்டேன்க்கா. ஒண்ணும் வரல. இனி என்ன செய்யணும்?"

எத்தனையோ ஆயிரம் பேர் அவனிடம் கேட்ட கேள்வியை அவன் யாரிடமும் கேட்டதில்லை. கோகிலாமணி, அவன் கூசக் கூச அந்தப் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பேச வந்தப்ப வாய அடைச்சுப்போட்டு, இப்ப பேசு பேசுன்னா ஒடனே பேசுமுங்களா? எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க தம்பி. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து பாக்கலாமுங்க."