சின்னத் தாரும் தார்தான்

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அதனால் வேல்விழி, அம்மா ராக்கம்மாளோடு பொங்கலூர் வாழைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். வியாபாரி மயில்சாமி தார்களை வெட்டிப் போடுவார். அம்மா சுமந்து போய் டெம்போவில் அடுக்குவாள். தாருக்கு ஒரு ரூபாய் கூலி.

வாடகையில் நூறு ரூபாய் பாக்கி. இன்றைக்குள் தராவிட்டால் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் நல்லூர் வீட்டுக்காரர். அந்த நினைப்பிலேயே அம்மா காலையிலிருந்து உட்காரவே இல்லை. பாவம், தோளெல்லாம் வாழைக்கறை. வேல்விழி ஒரு காய்ந்த மட்டையில் கரியால் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். சாயங்காலம் சரியாக நூறு கோடு! அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மயில்சாமியோ எண்பது ரூபாயை நீட்டினார். நாற்பது தார் சின்னதாம். கூலிக்கு இரண்டு சின்னத் தார் சேர்ந்தால்தான் ஒரு தாராம். அவருடைய அப்பா காலத்து வழக்கமாம். வழக்கமாவது, மண்ணாவது! சின்னத் தாருக்காக அம்மா பாதித் தூரமா நடந்தாள்?

அம்மா அந்த எண்பதை வாங்கிக்கொண்டாள். எதிர்த்துப் பேசினால் அடுத்த வாரம் வேலை இருக்காதே. வேல்விழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பழக்கடைக்காரர் கியாசுதீன் வந்து சேர்ந்தார். டெம்போவில் இருப்பதை மொத்தமாக வாங்கிக்கொள்பவர் அவர்தான். பெரியதும் சின்னதும் கலந்து, தாருக்கு ஒரே விலை. மயில்சாமி வாயெல்லாம் பல்லாக, நூறு தார் என்று கணக்குச் சொன்னார். கியாசுதீன் பணத்தை எண்ண ஆரம்பித்தார்.

“ஏனுங்க ஐயா, எண்பது தாருக்குக் குடுத்தாப் போதுமுங்க,” என்றாள் வேல்விழி. “நாப்பது சின்னத் தாருங்க. ரெண்டு சேந்தாத்தான் ஒண்ணாமுங்க.”

மயில்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதெப்படிக் கண்ணு? சின்னதுன்னாலும் தார் தார்தானே?”

“அப்ப எங்கம்மா சுமந்ததும் நூறு தார்தானுங்களே?”

கியாசுதீன் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அம்மாவின் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது.

“எனக்கு எப்படி எண்ணறீங்களோ, அந்தம்மாவுக்கும் அப்படியே எண்ணுங்க மயில்சாமி. இல்லேன்னா எண்பதுக்குத்தான் பணம்,” என்றார்.

மயில்சாமி அசடு வழிய இருபது ரூபாயை எடுத்துக் கொடுத்தார். இனிமேல் எல்லாத் தாருக்கும் ஒரே கணக்குதான் என்று அவரே சொன்னார். அடுத்த வாரமும் வந்துவிடச் சொன்னார். அப்பாடா, வேல்விழிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது!

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா அன்றைக்கு முதல் தடவையாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். மகளை இழுத்துத் தோளோடு சாய்த்துக்கொண்டாள்.

“எப்பவும் வீட்டுக்காரரு வந்துதான் நம்ம கதவைத் தட்டுவாரு. இன்னைக்கு நாம போயி அவரு கதவைத் தட்டுவோம்டி,” என்றாள்.