பக்கக் கட்டில்

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வீடாக மாற்றப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவே சிரித்தது. சீட்டுகளைக் கழற்றி விற்றேன். பின்பக்கம் இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், ஜன்னலோரமாக ஒடுக்கமாய் ஒரு பக்கக் கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர் டேங்க். லூர்து திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். டூர் வேன் ஓட்டுகிறவனுக்கு லீவு விட்டாலும் வேன்தானா என்று கேலியும் செய்தாள். ஆனால் அந்தத் திரைச்சீலையை அவள் தனியாகப் போய் இழுத்து மூடித் திறந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

லூர்துராணி என் மனைவி. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து அவளை நோயாளிகளோடு பங்கு போட்டுக்கொண்டுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று கடலோரமாகவே போவதாகத் திட்டம். மழை ஓய்ந்திருந்தது. மார்கழியில் அந்தப் பக்கம் வெயிலும் சுடாது, குளிரும் நடுக்காது. அந்த ஒரு வாரமாவது அவள் எனக்கே எனக்கு வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

எது ஒழுகுகிறது, எது ஆடுகிறது என்று பார்க்க முதல் நாள் ஊருக்குப் பக்கத்திலேயே தங்குவதாக முடிவு. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக்கரையில் நண்பன் இம்தியாஸுக்கு ஒரு வாழைத்தோப்பு இருந்தது. சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே லூர்துவை ஏற்றிக்கொண்டேன். அவள் ஏறியபோது வேன் லேசாக அமிழ்ந்தது.

பிறகு இன்னொரு தரம் அமிழ்ந்தது.

பையை வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

காவிரிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவள் பேச ஆரம்பித்தாள். ஊரை விட்டுக் கிளம்பினாலும் வார்டை விட்டுக் கிளம்ப மாட்டாள்.

"ஜன்னல் பெட்ல ஸ்ரீனிவாசராகவன்னு ஒரு ஐயா இருக்காருங்க. ஸ்ரீரங்கத்துக்காரர். கோயில் மடப்பள்ளியில சமைச்சவராம். பாக்க ஒருத்தரும் வர்றதில்ல. நம்ம வேன் கதையச் சொன்னேன். வேலையில ஒரு நாள்கூட லீவு போடாததால கடலையே பார்த்ததில்லன்னார். சரி, நீங்களும் எங்களோட வாங்கன்னேன். என்ன சிரிப்பு சிரிச்சார் தெரியுமா?"

"நீயா வாங்கன்னு சொன்ன?" என்றேன்.

அந்த வார்டில் அந்த வார்த்தைக்கே இடமில்லை. குணமாகிப் போகிறவர்கள் "போயிட்டு வரேன் சிஸ்டர்" என்றால், "வரவே வராதீங்க, போங்க" என்று அதட்டி அனுப்புகிறவள் அவள். ஆஸ்பத்திரிக்கு யாரையும் திரும்ப அழைக்கக் கூடாது என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் வழக்கம். லூர்து அதில் ரொம்பக் கண்டிப்பு.

"லீவு ஞாபகத்துல வாய் தவறிடுச்சு," என்றாள்.

பாலத்தைத் தாண்டியதும் வேனுக்குள் ஒரு வாசனை வந்தது. ஊசி போடும் முன் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை. அதற்கு அடியில் நெய் தீய்ந்த வாசனை. அவள் புடவையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். கோபுரத்து விளக்குகள் பனியில் கலங்கித் தெரிந்தன.

டிங். டிங்.

கட்டில் கம்பியில் டம்ளரைத் தட்டுகிற சத்தம். எங்கள் டம்ளர்கள் எல்லாம் செய்தித்தாளில் சுற்றி டப்பாவுக்குள் இருந்தன.

லூர்து பாதி எழுந்துவிட்டாள். "இதோ வரேன்," என்று பின்பக்கம் பார்த்துச் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்து உட்கார்ந்தாள். நானும் சிரித்தேன்.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆற்றில் மணல்தான் அதிகம், அதன் நடுவே கொஞ்சம் தண்ணீர். பனி வாழை இலைகளில் இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். லூர்து டீ போட்டு ஊற்றி வைத்திருந்தாள்.

மூன்று டம்ளர்.

"மூணாவது யாருக்கு?"

அவள் டம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் போன் அடித்தது. கூட வேலை பார்க்கிற ஜீனத். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, ஜன்னல் பெட் ஐயா போயிட்டாங்கக்கா. நீங்க கையைக் கழுவிட்டு வெளியில போனீங்கல்ல, அப்பவே. டூர் போற அன்னிக்குச் சொல்ல வேணாம்னுதான் பார்த்தேன். மனசு கேக்கல."

லூர்து போனை வைத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பக்கக் கட்டிலைப் பார்த்தோம். அவள் சுருக்கமில்லாமல் விரித்திருந்த விரிப்பு நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. தலையணையும் அமுங்கியிருந்தது.

"வீட்டுக்குப் போயிடலாம்," என்று கிசுகிசுத்தேன்.

"வேணாங்க. வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போகக் கூடாது."

அவள் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

அந்த ராத்திரி நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். டம்ளர் தட்டுகிற சத்தம் வரும். லூர்து எழுந்துபோவாள். போர்வையை இழுத்துவிடுவாள், தலையணையைத் திருப்பி வைப்பாள், ஒன்றுமில்லாத காற்றில் நாடி பிடித்துப் பார்ப்பாள். "லூர்து, இங்க வா," என்றேன். திரும்பவில்லை. கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. அவளுக்கு ஒரு வார்டு முகம் உண்டு. அந்த முகத்துக்கு நான் யாரோ வாசலில் நிற்கிற ஆள். இப்படியே விட்டால் இவள் எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டாள் என்று தோன்றியது. அழுதுவிட்டேன்.

அந்த அழுகைதான் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். என் தோளில் கை வைத்தாள்.

"பயப்படாதீங்க. கூப்பிட்டது நான். அனுப்புறதும் நான்தான் அனுப்பணும். விடியட்டும்."

ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து மார்கழிப் பாட்டு ஒலிபெருக்கியில் வந்தபோது அவள் வேன் கதவைத் திறந்தாள். வெளியே பனியில் நாலைந்து வாழைகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பக்கக் கட்டிலின் போர்வையை மடித்தாள், விரிப்பை உருவினாள். ஒருவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது அவள் செய்கிற வேலைகள் அவை.

"ஐயா, எல்லாம் முடிஞ்சுது. வலி இல்ல, ஊசி இல்ல. உங்க கோயில் பக்கத்துலதான் இருக்கு, பாட்டு கேக்குது பாருங்க. கடலெல்லாம் வேணாம். எழுந்திருங்க." அவள் கதவுப் பக்கம் கை காட்டினாள். "போங்க. வரவே வராதீங்க."

வேன் அமிழ்ந்து, மேலே எழும்பியது.

ஸ்பிரிட் வாசனை என் முகத்தை உரசிக்கொண்டு கடந்தது. வெளியே முதல் வாழை இலை அசைந்தது. பிறகு அடுத்தது. நடக்க முடியாதவர் பிடித்துப் பிடித்துப் போவதுபோல, அசைவு கோபுரம் இருக்கிற திசைக்கு மெதுவாக நகர்ந்தது. லூர்து சிலுவை போட்டுக்கொண்டு கதவில் சாய்ந்தாள். அவள் முகம் என் லூர்துவின் முகமாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

நான் கதவுப் பக்கம் கீழே இறங்கி நின்றிருந்தேன். ஒவ்வொரு டூர் முடிவிலும் நான் நிற்கிற இடம் அது. இறங்குகிற ஒவ்வொருவரிடமும் கைகூப்பிச் சொல்லிச் சொல்லி ஊறிப்போன நாக்கு.

"சந்தோஷங்க. போயிட்டு வாங்க."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

வாழை இலைகள் நின்றன.

லூர்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசியாக அசைந்த இலை முதலில் அசைந்தது. அதற்கு முந்தையது. அதற்கும் முந்தையது. எங்கள் பக்கமாக, இம்முறை வேகமாக.

வேன் அமிழ்ந்தது.

லூர்து கழற்றி வைத்திருந்த வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். உள்ளே போய்க் கதவை இழுத்து மூடினாள். நான் பிடியைப் பற்றிக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை.

"இப்ப எப்படி இருக்குங்க ஐயா?"

வயதான ஓர் ஆண் குரலில் பதில் வந்தது.

"குளிர்றதும்மா. தாழ்ப்பாளைப் போட்டுடு."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.