தேர்வுக் குரல்

என் மனைவி மெர்சி அரசு குற்றவியல் வழக்கறிஞர் வேலைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து எங்கள் தெருவில் எல்லோரும் யோக்கியர்களாகிவிட்டார்கள். மீன்காரர் அவளுக்கு இரண்டு முறை நிறுத்துக் காட்டினார். பேருந்தில் யாராவது குடையை மறந்துவிட்டு இறங்கினால் மொத்தப் பேருந்தும் அவளைத்தான் பார்க்கும். அவள் எழுந்து நின்று, கடைசி இருக்கைக்கும் கேட்கும்படி, "ஐயா, தங்கள் குடையை விட்டுச் செல்கிறீர்கள்" என்பாள். வீட்டில் அவளுக்கு அப்படிப்பட்ட குரலும் கிடையாது, அப்படிப்பட்ட தமிழும் கிடையாது. நான் அதற்குத் தேர்வுக் குரல் என்று பெயர் வைத்திருந்தேன்.

சட்டம் படித்தவர்களுக்கு இப்போது பெரிய மதிப்பில்லை. சட்டமெல்லாம் வாதப்பொறி என்ற எந்திரத்துக்குத் தலைகீழ்ப் பாடம். நீதிமன்றத்தில் வாதாடுவதும் அதுதான். அரசு வழக்கறிஞருக்கு மிஞ்சியிருப்பது ஒரே வேலை: ஒருவர் மேல் வழக்கை நடத்துவதா, கைவிடுவதா என்று முடிவெடுப்பது. அதற்கு ஆள் நேர்மையானவரா என்று பார்த்தால் போதும் என்று தேர்வாணையம் எழுத்துத் தேர்வைத் தூக்கிவிட்டு மறைத்தேர்வைக் கொண்டுவந்தது. விண்ணப்பித்த ஓராண்டுக்குள் என்றைக்கோ ஒரு நாள், யாரோ ஒருவர் வந்து உங்களை ஒரு தப்புக்குக் கூப்பிடுவார். அவர் ஆணையத்தின் நடிகர். அது உங்கள் தையல்காரராக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், கட்டின புருஷனாகவும் இருக்கலாம். ஆணையம் சொந்தக்காரர்களையும் நடிக்க வைக்கும். வெளியே மூச்சுவிட்டால் சிறை.

தவக்காலத்தில் ஒரு அம்மாள் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வக்கீலாக மெர்சி சாட்சி திரட்டிக்கொண்டிருந்த ஒரு வழக்கில் எதிராளி அவளுடைய மகன். "உங்க சாட்சிய ஒரே ஒரு நாளு வரவிடாமப் பண்ணுங்கம்மா, எம்புள்ள பொழைச்சுக்கிடுவான்" என்று அழுதாள். மெர்சி தேர்வுக் குரலில் பதில் சொல்லி, பழத்தோடு திருப்பி அனுப்பினாள்.

"இதுதான் பரீட்சை. முடிஞ்சுபோச்சு, நிம்மதியா தூங்கு" என்றேன்.

"பரீட்சைன்னா இப்படிப் பச்சையாவா வருவாங்க? இது நம்மள அசர வைக்கதுக்கு. நெசப் பரீட்சை இனிமேதான் வரும்" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

நான் தூத்துக்குடி கடற்கரையில் இருக்கும் நன்னீர் ஆலையில் வேலை பார்த்தேன். கடல்நீரைக் குடிநீராக்கும் வேலையை எந்திரமே செய்யும். ஆனாலும் அழுத்த அறையில் ஒரு மனிதர் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும்; அடுத்தவர் வந்து உட்காரும் வரை எழுந்திருக்கக் கூடாது. மே மாதம் எங்கள் திருமண நாள் வந்தது. அடுத்த ஆள் வரத் தாமதமானது. நான் என் அடையாள வில்லையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, மெர்சிக்குப் பிடித்த மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாற்காலியில் ஆள் இருப்பதாகவே எந்திரம் நினைத்துக்கொண்டது.

அந்த நேரத்தில் குழாய் வெடித்தது. பக்கத்துக் குழாய்க்கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பேச்சிராஜுக்கு ஒரு கண் போய்விட்டது. நான் இருந்திருந்தால் வால்வைத் திருகி மூடியிருப்பேன்.

மறுநாள் காலையில் மெர்சியிடம் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. ஆலைக் கணக்குப்படி நான் அறையில் இருந்தேன், இல்லை என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான், என்ன செய்யலாம் சொல் என்று கேட்டேன். முதலாளிகளுக்கு முன்னால் நிற்பதற்கு முன் பெண்டாட்டியின் மடியில் தலைவைக்க வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

மெர்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பின்னால் யாரோ ஒளிந்திருந்து கேட்பதுபோல் ஜன்னல் திரையைப் பார்த்து, "குற்றம் நடந்ததை அறிந்தும் மறைப்பது என்னால் இயலாது. நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள் என்பதை நான் காவல் நிலையத்தில் தெரிவிப்பேன்" என்றாள்.

சேலை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது என் காதருகே குனிந்து, "நல்லாப் பண்ணுதிய. கண்ணீர்கூட வருது" என்று கிசுகிசுத்தாள்.

என்னைக் கைது செய்து பிணையில் விட்டார்கள். வேலை போயிற்று. வீட்டுக்கு வந்த அன்று மெர்சி நெய்மீன் குழம்பு வைத்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பரிமாறினாள். தேர்வில் தேறிவிட்ட சந்தோஷம். நான் பேச்சிராஜை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்தேன் என்றபோது, "கட்டு நெசமாவே போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"நெசம் மெர்சி. பரீட்சை இல்ல. சத்தியமா எல்லாமே நெசம்."

"நீங்க அப்படித்தான் சொல்லணும்" என்று சிரித்தாள்.

அவள் சாட்சி சொன்னதில் எனக்குக் கோபமில்லை. பேச்சிராஜின் முகத்தைப் பார்த்த பிறகு அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சாட்சி சொன்னது என் மனைவியா, விண்ணப்பதாரரா என்று தெரியவில்லை. என்னோடு சேர்ந்து ஒரு சொட்டாவது அழுதுவிட்டு அவள் நிலையத்துக்குப் போயிருக்கலாம். நெஞ்சில் முள்ளாகத் தைத்தது அதுதான்.

ஜூலையில், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், கதவைத் தட்டியது அந்தப் பலாப்பழத்து அம்மாள். இந்த முறை கையில் பழமில்லை. ஆணையத்தின் வில்லை தோளில் இருந்தது.

"வாழ்த்துகள். தவக்காலத்துலயே நீங்க தேறிட்டீங்க" என்றாள். "தேர்வு முடிஞ்சது தெரிஞ்சா நேர்மையும் முடிஞ்சிரும்னு ஆணையத்துக்கு ஒரு பயம். அதனாலதான் கொஞ்ச நாள் சொல்றதில்லை."

மெர்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப மே மாசம் நடந்தது?"

"மே மாசத்துல எங்க ஆள் யாரும் இந்தப் பக்கமே வரலையே. ஏன், ஏதாவது நடந்துச்சா?"

அம்மாள் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "வேலை ஆணை வர்றதுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. வீட்டுக்காரரோட நன்னடத்தையும் பாப்போம். எப்ப, எப்படின்னு மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெர்சி கதவைச் சாத்தினாள். என் முன்னால் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, நெசமாவா? அந்த ஆளுக்கு நெசமாவே கண்ணு போச்சா? நீங்க அழுதது நெசமா?" அவள் குரல் உடைந்தது. "நான் போயி மாத்திச் சொல்லுதேன். நேரத்தத் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுதேன். வேல போனாப் போவுது. நீங்க உள்ள போவக் கூடாது."

இந்தக் குரலுக்காகத்தான் நான் மே மாதத்திலிருந்து காத்திருந்தேன். அவளை எழுப்பி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வேண்டாம் மெர்சி, பேச்சிராஜ் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது, நீ இப்படிக் கேட்டதே எனக்குப் போதும் என்று சொல்ல வேண்டும் என்று உடம்பெல்லாம் தவித்தது.

ஆனால் அந்த அம்மாள் படியிறங்கி இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள். எனக்கு வைத்த தேர்வு இதுதானோ? ஆணையம் சொந்தக்காரர்களையும் நடிக்க வைக்கும். மெர்சிக்கு வேண்டியது வேலை. அதற்கு இப்போது என் நன்னடத்தை வேண்டும். நான் அவள் கண்களை உற்றுப் பார்த்தேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மே மாதம் எனக்கும் வழிந்தது, அவள் நம்பினாளா?

கைகளை விடுவித்துக்கொண்டு ஜன்னல் திரையின் பக்கம் திரும்பினேன்.

"வேண்டாம். நீ கூறியது உண்மை. அதை மாற்றிக் கூறுவது குற்றம். அதற்கு நான் உடன்பட மாட்டேன்" என்றேன்.

என் காதிலேயே அது யாரோ பேசுவதுபோல் விழுந்தது. மெர்சி என்னைப் பார்த்தாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியாததா?

"நான் நெசமாத்தான் கேட்டேன்" என்றாள்.

"நீ அப்படித்தான் சொல்லணும்" என்றேன்.