‘இல்லை’யை அழுத்தினால்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக அலுவலகத்துக்கு வந்தேன். மறுநாள் எங்கள் கேமின் திருத்திய பதிப்பு வெளியாக வேண்டும். மெனுவில் ஒரே ஒரு பிழை பாக்கி. ‘பழைய ஆட்டத்தை அழிக்கவா?’ என்று கேட்கும் இடத்தில் ‘இல்லை’யை அழுத்தினாலும் சில நேரம் ‘ஆம்’ என்று பதிவாகிவிடும். ஆடியவர்களின் மாதக்கணக்கான உழைப்பு அதில் அழிந்தது. இரண்டு பேர் முட்டிப் பார்த்தும் சரியாகாமல், கடைசியில் என் தலையிலேயே விழுந்தது.

அந்தப் பிழையை முதலில் கண்டுபிடித்தவர் டெஸ்டிங் அக்கா. நாள் முழுக்கப் பொத்தான் அழுத்தி வீங்கிய மணிக்கட்டில் தைலம் தடவிக்கொண்டு, ஏழு முறை பிழைக் குறிப்பு எழுதி அனுப்பினார். ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஏழு முறையும் ‘என் கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறது’ என்று எழுதி மூடினேன். “அக்காவுக்குக் கண்ணாடி மாத்தணும்” என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் வேறு. விஷயம் வெடித்ததும் ஏழு குறிப்புகளையும் அழித்துவிட்டு, அக்கா சொல்லவே இல்லை என்று மேனேஜரிடம் சாதித்தேன். அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். இருபதாவது நாள் மாரடைப்பு. துக்கம் கேட்கப் போகக்கூட எனக்கு முகமில்லை.

அந்த மதியம், மெனுவை இயக்கும் ஸ்கிரிப்டைத் திறந்து நாலு வரி மாற்றினேன். ஓட்டிப் பார்த்தேன்.

‘இல்லை’யை அழுத்தினேன்.

‘ஆம்’ மின்னியது.

மறுபடி மாற்றினேன். மறுபடியும் ‘ஆம்’. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தேர்வு தானாக நகர்ந்தது. இல்லை. ஆம். இல்லை. ஆம்.

தைல வாசனை வந்தது.

எனக்குப் பின்னால், அக்காவின் காலி இருக்கைப் பக்கம், யாரோ நிதானமாகப் பொத்தான் அழுத்தும் சத்தம். எண்ணினேன். ஏழு.

திரையில், நான் அழித்த முதல் குறிப்பு திறந்து கிடந்தது. அடியில் புதிதாக ஒரு வரி.

‘இப்ப உன் கம்ப்யூட்டர்ல எப்படி இருக்கு, தம்பி?’

கதவு தட்டும் சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது.

அக்காவின் மகள். அம்மாவின் பொருட்களை எடுத்துப்போக வந்திருந்தாள். கோப்பை, கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த தைலப் புட்டி எல்லாவற்றையும் பையில் போட்டாள். பிறகு தயங்கி நின்றாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? அம்மா கடைசிவரைக்கும் ‘நான் சொன்னேன், நான் சொன்னேன்’னு புலம்பிட்டே இருந்தாங்க. நெஜமாவே சொன்னாங்களா?”

‘இல்லை’ என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உண்மையைச் சொன்ன நல்லவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஆமா. ஏழு தடவை. நாந்தான் அழிச்சேன்.”

குரல் என்னுடையதுதான்.

அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அவங்க இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் மேனேஜரிடமும் வாயில் உண்மைதான் வந்தது. வேலை போயிற்று. மெனு இப்போது ஒழுங்காக ஓடுகிறதாம்.

கோளாறு என்னிடம்தான். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி மூக்கைச் சுளித்தாள்.

“என்னங்க, ஒரே தைல வாசனையா இருக்கு. வீட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?”

‘இல்லை’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஆமா.”